தடைக்காலத்துக்கும் சேர்த்து ஒரு குடும்பக் கணக்கு

குடும்ப வரவு செலவுத் திட்டம் என்றதும் பலரும் மாதச் சம்பளத்திலிருந்து தொடங்குவார்கள். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள பனித்திட்டு போன்ற மீனவர் ஊர்களில் அப்படித் தொடங்க வழியில்லை. படகில் பங்குக்குப் போகிறவருக்குச் சம்பளத் தேதி கிடையாது. மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் உள்ளது போக, ஆட்களுக்குப் பங்கு. ஒருநாள் கை நிறையும். மறுநாள் டீசல் காசே தேறாது.

அதோடு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனம் பெருகுவதற்காக விதிக்கப்படுவது இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தடைக்காலம் அப்படியல்ல, தேதி முன்பே தெரியும். தேதி தெரிந்த செலவுக்குத்தான் திட்டம் போட முடியும்.

ஆகவே இங்கே கணக்கு ஆண்டுக்கானது. முதலில் மாறாச் செலவை எழுத வேண்டும். வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து நிற்கும் அரிசி, மின்கட்டணம், மருந்து, குழுக் கடன் தவணை ஆகியவையே மாறாச் செலவு. ஒரு வீட்டுக்கு அது மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தடைக்கால இரண்டு மாதத்துக்கு 24,000 வேண்டும். அதை மீதிப் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,400. மாதத்தில் 20 நாள் தொழில் நடந்தால், ஒரு நாளைக்கு 120 ரூபாய்.

இந்த 120-ஐ எடுத்துவைக்கும் நேரம்தான் முக்கியம். வாரக் கடைசியில் மிஞ்சுவதை எடுத்துவைக்கலாம் என்றால், எதுவும் மிஞ்சாது. பங்குப் பணம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தனியே போக வேண்டும். பாடு, அதாவது கிடைத்த மீன், நன்றாக இருந்த நாளில் கூடுதலாக, மோசமான நாளில் குறைவாக. அஞ்சலகத் தொடர் வைப்பு இதற்குச் சரிவராது; அதில் மாதாமாதம் ஒரே தொகை கட்டியாக வேண்டும், தவறினால் அபராதம். சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். சொந்தப் படகு இருக்கும் வீட்டில் வலைக்கும் எஞ்சினுக்கும் வரும் பங்கு வீட்டுப் பணமே அல்ல. அது பழுதுக்கானது. பலர் கணக்கு தடுமாறுவது இங்கேதான்.

அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது. மத்திய மீன்வளத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசுப் பங்கு 3,000 சேர்ந்து திரும்ப வரும் ஏற்பாடும் உண்டு. ஆனால் வரவேண்டிய பணத்தை, கைக்கு வந்த பிறகு வரவில் எழுதுவதே பாதுகாப்பு.

சேமிக்காவிட்டால் என்ன ஆகும்? அதே 24,000-ஐ மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு வாங்கினால் மாத வட்டி 720. அசலைப் பத்து மாதம் கழித்து அடைத்தால் வட்டி மட்டும் 7,200 ரூபாய். திட்டம் போட்டதால் வலையில் ஒரு மீனும் கூடுதலாக விழாது. இந்த 7,200 மட்டும் வீட்டில் நிற்கலாம். பாடே இல்லாத ஆண்டில் அதுவும் நடக்காமல் போகலாம்.