விற்றவர் பணம் கொடுக்கும் விந்தை!

சோழவந்தான், வெற்றிலைக்குப் பெயர் போன ஊர். வைகைக் கரையில் பச்சைப் பசேல் என்று கொடிக்கால்கள் நிற்கின்றன. 2023-ம் ஆண்டில் இந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெற்றிலை வியாபாரம் எப்படி நடக்கிறது? விற்பவர் கட்டைக் கொடுக்கிறார். வாங்குபவர் பணத்தைக் கொடுக்கிறார். விற்றவர் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணுகிறார்; மடியில் முடிந்து கொள்கிறார். காரியம் முடிந்தது.

"பணம் தருகிறேன். ஆனால் முதலில் உங்கள் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்று வாங்குபவர் கேட்டால் என்ன ஆகும்? சந்தையே கைகொட்டிச் சிரிக்கும். கேட்ட ஆசாமி ஊர் எல்லையைத் தாண்டுகிற வரை சிரிக்கும்.

அதே பேச்சைச் செல்போனில் கேட்டால் மட்டும் பெட்டி திறந்து விடுகிறது! பொருளை விற்க வந்தவர், விற்ற பணத்தை வாங்கப் போய், இருந்த பணத்தையும் கொடுத்து விட்டு நிற்கிறார். இந்த விந்தை இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது.

டில்லியில் ஒரு சோபா

"படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் டில்லிக் கதையைக் கேட்க வேண்டும்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அப்போது டில்லி முதல்-மந்திரியாக இருந்தவர் அரவிந்த் கெஜ்ரிவால். அவருடைய மகள் ஒரு சோபாவை விற்க விரும்பினார். ஓ.எல்.எக்ஸ். என்ற இணையதளத்தில் விளம்பரம் செய்தார். வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து, விலை போட்டு, விற்பனைக்கு வைக்கும் இடம் அது.

ஒருவன் வாங்க வந்தான். நேரில் அல்ல, போனில். கணக்கு சரிதானா என்று பார்ப்பதாகச் சொல்லி, முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பினான். அது வந்து சேர்ந்தது. நம்பிக்கை பிறந்தது. பிறகு ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்யுங்கள், மீதிப் பணம் வரும்" என்றான். ஸ்கேன் செய்தார். 20 ஆயிரம் ரூபாய் அவர் கணக்கில் இருந்து போயிற்று!

"அடடா, தவறான படம் வந்து விட்டது. வேறு அனுப்புகிறேன்" என்றான் அந்தப் பேர்வழி. இரண்டாவது படத்தில் 14 ஆயிரம் ரூபாய் போயிற்று. ஆக மொத்தம் 34 ஆயிரம்.

அந்தப் பெண் ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர். தகப்பனாரோ முதல்-மந்திரி. சில நாட்களில் டில்லி போலீசார் 3 பேரைக் கைது செய்தார்கள். எல்லோருடைய புகாருக்கும் இவ்வளவு வேகம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

பேரம் பேசாத மனிதன்

அதே தந்திரம் சோழவந்தானில் எப்படி நடக்கும்? ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளலாம்.

அந்த வீட்டு அம்மாள் தையல் வேலை செய்கிறார். புதிதாக மோட்டார் மிஷின் வாங்கி விட்டார். பழைய மிஷினை 6,500 ரூபாய்க்கு விற்க எண்ணி, மகளிடம் சொல்லி விளம்பரம் போடுகிறார். கணக்கில் 9 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணையும் அதில் அடக்கம்.

விளம்பரம் வந்து அரை மணி நேரம் ஆகவில்லை. போன் மணி அடிக்கிறது.

"மேடம், மிஷின் என்ன விலை?"

"6,500 ரூபாய்."

"சரி, எடுத்துக் கொள்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு! மிஷின் எத்தனை வருஷம் ஓடியது என்று கேட்கவில்லை. நூல் அறுகிறதா என்று கேட்கவில்லை. ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. மதுரைப் பக்கத்தில் பேரம் பேசாமல் பழைய சாமான் வாங்குகிறவர் இன்னும் பிறக்கவில்லை. சந்தேகம் இங்கேயே வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. ஏன் என்றால் அவன் அடுத்த வார்த்தையில், "நான் ராணுவத்தில் இருக்கிறேன். மதுரைக்கு மாற்றலாகி வருகிறேன்" என்று சொல்லி விடுகிறான். சீருடை அணிந்த படமும், அடையாள அட்டையும் போனில் வந்து விழுகின்றன. இரண்டும் வேறு யாருடையதோ. இந்த ராணுவ வேஷம் பல மாநிலப் போலீசாருக்கும் பழகிப் போன வேஷம். மகனையோ மருமகனையோ பட்டாளத்துக்கு அனுப்பிய வீடுகள் மதுரைச் சீமையில் எத்தனையோ உண்டு. பட்டாளத்துக்காரர் என்றதும் மனம் இளகுகிறது. அந்த மரியாதையைத்தான் மோசடிக்காரன் திருடுகிறான்.

பிறகு டில்லியில் நடந்ததே நடக்கிறது. முதலில் ஒரு ரூபாய் வருகிறது. அடுத்து ஒரு கட்டம் போட்ட படம். அதன் மேல் "6,500 ரூபாய் பெறுங்கள்" என்று எழுதியிருக்கிறது. "ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போடுங்கள் மேடம். சீக்கிரம்! நான் டியூட்டியில் இருக்கிறேன்."

நம்பரைப் போடுகிறார். 6,500 போகிறது.

இப்படிப் பேசும் கூட்டங்களைத் தேடிப் போன போலீசார், பல தடவை ஒரே வட்டாரத்தில் போய் நின்றிருக்கிறார்கள். ராஜஸ்தானின் பரத்பூர், உத்தரப்பிரதேசத்தின் மதுரா, அரியானாவின் நூஹ் ஆகிய மாவட்டங்கள் சேரும் மேவாத் வட்டாரம் அது. நம் ஊர்ப் பெரியவர்கள் "வட மதுரை" என்று பக்தியோடு சொல்லும் மதுராவுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர்! அங்கே உழுது பிழைக்கும் ஜனங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இந்தத் தொழில் ஓர் ஊரோடு நிற்பதும் இல்லை.

கட்டத்தின் ரகசியம்

அந்தக் கறுப்பு-வெள்ளைக் கட்டத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கின் விலாசம் அதில் இருக்கிறது. தபால் உறையில் விலாசம் எழுதுவது போலத்தான். தொகையையும் சேர்த்து எழுதி வைக்கலாம்.

டீக்கடையில் அந்தக் கட்டம் ஒட்டியிருக்கிறது. அதை ஸ்கேன் செய்கிறவர் யார்? டீ குடித்தவர். பணம் யாருக்குப் போகிறது? கடைக்காரருக்கு. கடைக்காரர் தன் பணத்தை வாங்குவதற்காக வாடிக்கைக்காரரின் போனை ஸ்கேன் செய்து, தன் ரகசிய எண்ணைப் போட்டது உண்டா? கிடையாது. அவர் பாட்டுக்கு டீ ஆற்றுகிறார். பக்கத்தில் இருக்கும் பெட்டி, பணம் வந்தது என்று குரல் கொடுக்கிறது.

கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால், பணம் போகும், வராது. இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும் பின் நம்பர் கேட்கும். அது வேறு. பணம் வந்து சேருவதற்கு எந்த நம்பரும் போட வேண்டியது இல்லை. தூங்கும்போதும் வரும்.

இதைத் தெரிந்து கொண்டவர்களுக்கும் ஒரு வலை காத்திருக்கிறது. அது இன்னும் கொடியது. "உங்கள் கணக்கில் 16,500 ரூபாய் வரவு" என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. உடனே போன். "ஐயையோ! 6,500 அனுப்புவதற்குப் பதில் 16,500 அனுப்பி விட்டேன். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. 10 ஆயிரத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அழுகிறான். பிறர் காசு வீட்டில் தங்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர் அடுத்த நிமிஷமே அனுப்பி விடுகிறார். அப்புறம் பாங்கிக் கணக்கைப் பார்த்தால் 16,500 ரூபாயும் இல்லை. ஒரு ரூபாயும் இல்லை. குறுஞ்செய்தியை எழுதியவனே அவன்தான்!

பாங்கியின் பெயரால் வரும் செய்தி, சாதாரணப் பத்து இலக்க நம்பரில் இருந்து வந்தால் அது பாங்கி அனுப்பியது அல்ல. வாங்க வந்தவர் தன் போனில் காட்டும் "பணம் அனுப்பியாகி விட்டது" என்ற படத்தையும் நம்பி மிஷினை வண்டியில் ஏற்றக் கூடாது. அப்படிப் படம் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. தன் கணக்கில் இருப்பு ஏறியதா என்று தானே பார்க்க வேண்டும்.

குற்றம் யாருடையது?

"ஆசைப்பட்டான், ஏமாந்தான்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வது எளிது. இந்த விஷயத்தில் அது பொருந்தாது. சீட்டுக் கம்பெனியில் இரட்டிப்புக்கு ஆசைப்பட்டவர் கதை வேறு. தையல் மிஷின் விற்ற அம்மாள் எதற்கு ஆசைப்பட்டார்? தன் பொருளுக்குத் தான் சொன்ன விலைக்கு. அதுவும் ஒரு குற்றமா?

யு.பி.ஐ. என்னும் இந்தப் பண அனுப்பும் முறை 2016-ம் ஆண்டில் வந்தது. அதில் ஒரு வசதி இருந்தது. ஒருவர் மற்றவரிடம் "எனக்கு இவ்வளவு அனுப்பு" என்று கேட்கலாம். கேட்டவுடன் எதிராளியின் போனில் ஒரு பொத்தான் தோன்றும். அதை அமுக்கிப் பின் நம்பரைப் போட்டால் பணம் போய் விடும். மோசடிக்காரர்களுக்கு இது வெல்லக்கட்டி. "பணம் அனுப்பியிருக்கிறேன், பொத்தானை அமுக்கி வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும்.

வருஷக் கணக்காக, "ஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தார்கள். கடைசியில் யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகமே, தனி மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் இப்படிப் பணம் கேட்கும் வசதியை 2025-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் இதில் இருந்து ஒன்று தெரிகிறது. ஓட்டை ஜனங்களின் புத்தியில் மட்டும் இல்லை, கதவிலும் இருந்தது. கதவை மாற்ற முடியும் என்றால் ஏன் 9 வருஷம்?

இன்னும் ஒரு கதவு பாக்கி இருக்கிறது. கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்ததும் தொகையும் பெயரும் தெரிகின்றன. ஆனால், "இது உங்கள் பணம், உங்களை விட்டுப் போகிறது" என்று தமிழில், கொட்டை எழுத்தில், சிவப்பில் காட்டினால் என்ன? முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டிப் படித்த பாட்டிக்கும் புரியுமே! பணம் வந்தால் குரல் கொடுக்கத் தெரிந்த கருவிக்கு, பணம் போகும் முன்னால் குரல் கொடுக்கத் தெரியாதா? இதை எல்லாச் செயலிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரையில் வீட்டிலேயே செய்யக் கூடியது ஒன்று உண்டு. கூகுள் பே, போன்பே, பீம் ஆகிய செயலிகளைத் தமிழில் மாற்றி வைக்கலாம். பல வீடுகளில் பேரன் வருகிறான்; தாத்தாவின் போனில் செயலியைப் போட்டு, தனக்குப் பழகிய ஆங்கிலத்திலேயே விட்டு விட்டுப் போய் விடுகிறான். இரண்டு நிமிஷ வேலை அது. தீபாவளிக்கு வரும்போது மாற்றிக் கொடுக்கலாம்.

அந்த முதல் மணி நேரம்

பணம் போய் விட்டது. என்ன செய்வது?

1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களுக்கான நம்பர் அது, தமிழிலேயே பேசலாம். பணம் போன செய்தியில் இருக்கும் 12 இலக்க நம்பரைக் கையில் வைத்துக் கொள்வது நல்லது. தன் பாங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும். மதுரையில் சைபர் கிரைம் போலீஸ் நிலையமும் இருக்கிறது. ஆனால் பஸ் ஏறிப் போவதற்கு முன்னால் போன் செய்து விட வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவது இல்லை. ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு வாய்க்கால் தண்ணீர் போல ஓடி, எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாகி விடும். ஓடுவதற்குள் மடையை அடைத்தால் மிச்சம் நிற்கும்.

சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவின்படி, வாடிக்கைக்காரரின் கவனக்குறைவால் போன பணம், அவர் பாங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் அவருடைய நஷ்டம்தான். தெரிவித்த பிறகும் பணம் போனால் அது பாங்கியின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை இருக்கிறது.

அந்த நிமிஷங்களை வீணாக்குவது எது தெரியுமா? பயம். தையல்கார அம்மாள் போனைக் கீழே வைத்து விட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுகிறார். புருஷனிடம் சொன்னால் ஏச்சு விழும். மாமியாரிடம் சொன்னால் தெருவுக்கே தெரியும். குழுவில் என்ன பதில் சொல்வது? ராத்திரி வரை வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் மகளிடம் சொல்கிறார். அதற்குள் மடை வற்றி விட்டது. பணத்தைத் திருடியவன் எங்கோ இருக்கிறான். அதை மீட்கக் கூடிய நேரத்தைத் தின்றது இந்த வீட்டுக்குள் இருந்த பயம். "எவ்வளவு போச்சு?" என்று கேட்பதற்கு முன்னால், "1930-க்குச் சொன்னாயா?" என்று கேட்கும் புருஷன் வாய்த்த வீட்டில் ஒருவேளை பாதியாவது மிஞ்சியிருக்கும்.

மிஷின் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. வாடிப்பட்டியில் இருந்து ஒருவர் மொபெட்டில் வருகிறார். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார். பழைய துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்க்கிறார். "பெல்ட் தேஞ்சு போச்சேம்மா! ஐயாயிரத்துக்கு மேலே போகாது" என்கிறார். ஒரு மணி நேரம் பேரம் நடக்கிறது. காப்பி வருகிறது. 5,800-க்கு முடிகிறது. அவர் சட்டைப் பையில் இருந்து நோட்டுகளை எடுத்து, இரண்டு தடவை எண்ணி, அந்த அம்மாள் கையில் வைக்கிறார்.