சந்தை வரைபடத்தில் இன நிறம் எதற்கு?

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிப் புடவைக்கடை போட நினைப்பவர் பக்கத்துக் கடைக்காரரை விசாரிப்பார், தரகரைப் பிடிப்பார், சில மாலைகள் அங்கே நின்று சன நடமாட்டத்தைப் பார்ப்பார். அதே வீதியில் கிளை திறக்கும் சுப்பர் மார்க்கெட்டுக்கோ வங்கிக்கோ இந்த அலைச்சல் இல்லை. எத்தனை குடும்பம், என்ன வயது, சொந்த வீடா வாடகையா, மாதச் செலவு எவ்வளவு என்று இணைய வரைபடத்தில் நிறம் நிறமாகக் காட்டிக் காசு வாங்கும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த நிறங்களுக்கு அடியில் கிடக்கும் எண்களில் பெரும்பகுதி பொதுப்பணத்தில் திரட்டப்பட்டவை. வாசலுக்கு வந்த கணக்கெடுப்பாளருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னது கொட்டாஞ்சேனைக் குடும்பம். அந்தப் பதிலால் ஆதாயம் அடைவது வேறு யாரோ.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2024 டிசம்பர் 19ஐக் கணக்கு நாளாக வைத்து எடுத்த தொகைமதிப்பு முழுவதும் கட்டணமில்லாத இணைய வரைபடமாகப் பொதுமக்களிடம் வர வேண்டும். வயது, கல்வி, தொழில், வீட்டு வசதி எல்லாம் கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை திறந்திருக்கட்டும். இனமும் மதமும் மட்டும் பிரதேச செயலகப் பிரிவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இதுவே நமது நிலைப்பாடு.

முதல் பாதிக்கு எதிர்ப்பு அதிகம் இருக்காது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய தொகைமதிப்பு 2012இல்தான் வந்தது. 2001இல் 18 மாவட்டங்களை மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. 2012இன் எண்களை வைத்துக்கொண்டு இன்றைய வெள்ளவத்தையில் வியாபாரம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு காலி வீதியைக் கடப்பதற்குச் சமம். கடலோரத்துக்கு இறங்கும் குறுக்கு ஒழுங்கைகளில் தனி வீடுகள் போய்த் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. வணிக நிறுவனங்களை எண்ணிய பொருளாதாரத் தொகைமதிப்பு 2013/14க்குரியது. கொரோனாவும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் எத்தனை கடைகளின் கதவை இழுத்து மூடின என்பது அதில் எப்படித் தெரியும்?

செலவுக் கணக்கில் சிக்கல் இன்னும் ஆழமானது. வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி 2019இல் நாட்டின் சராசரிக் குடும்ப மாத வருமானம் 76,414 ரூபா. இந்த அளவீடு ஒரு மாதிரியை வைத்து நடப்பது; மாவட்ட அளவுக்குத்தான் நம்பகமான விடை தரும். கொழும்பு மாவட்டமோ கொட்டாஞ்சேனைத் துறைமுகப் பக்கத்திலிருந்து அவிசாவளை வரை நீள்கிறது. கறுவாத்தோட்டத்து மாளிகையும் ஜம்பட்டா வீதியின் பின்னால் உள்ள வத்தைக் குடியிருப்பும் ஒரே சராசரிக்குள் அடங்குகின்றன. கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபையே கணக்கிட்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களின் கைச்செலவை மாவட்டச் சராசரியிலிருந்து பிரித்து, ஒழுங்கை வாரியாக நிறம் தீட்டி விற்பது கணிதம் கலந்த ஊகம். பச்சை, மஞ்சள் என்று துல்லியமாகத் தெரிவதால் அது உண்மையாகிவிடாது.

தொகைமதிப்பு எண்ணுவது குடியிருப்பவரை. வெள்ளவத்தைப் புடவைக்கடையும் நகைக்கடையும் பிழைப்பதோ ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்களாலும், கலியாணச் சாமான் வாங்க யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறுபவர்களாலும். லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் பெயர் நீக்கிய கைத்தொலைபேசித் தரவைக் கொண்டு பார்த்தபோது, பகலில் கொழும்பு நகருக்குள் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று தெரிந்தது. இரவில் உறங்குபவரை எண்ணிய வரைபடம் பகல் வியாபாரத்துக்குப் பாதி வழிதான் காட்டும். இந்தக் குறை வரைபடத்தின் முகப்பிலேயே எழுதப்பட வேண்டும்.

இனி இரண்டாம் பாதி: இனமும் மதமும். 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததை வெள்ளவத்தைக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள்; மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பயமும் இல்லை. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க அமெரிக்க இராணுவம் முனைந்தபோது, அந்நாட்டுக் குடிசனக் கணக்குப் பணியகம் தெருத்தொகுதி வாரியான எண்ணிக்கையைக் கொடுத்து உதவியது. பெயர்ப் பட்டியல் இல்லாமலே அது பயன்பட்டது. பணியகத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டது 2000இல்.

2012இன் இன, மத அட்டவணைகள் ஏற்கெனவே கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை வெளியாகிவிட்டனவே, இனி மறைத்து என்ன பயன் என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணையில் தேடி எடுப்பதும், கைத்தொலைபேசியில் ஒரு தொடுகையில் ஒழுங்கை நிறம் மாறுவதும் ஒன்றல்ல. இன எண்ணிக்கை இல்லாவிட்டால் மொழி உரிமையை எப்படிக் கேட்பது என்ற கேள்வி அதைவிடக் கனமானது. ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நிர்வாக மொழியைத் தீர்மானிக்கச் சனத்தொகை விகிதம் பார்ப்பது பிரதேச செயலகப் பிரிவு அளவில்தான். கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டு பிரிவுகளின் கணக்கு வெளிப்படையாக இருந்தால் அந்த வாதத்துக்குப் போதும். வியாபாரிக்கோ அதுகூடத் தேவையில்லை. ஆடிவேல் எந்த வீதியால் போகும் என்று தெரிந்தவருக்குப் பொங்கல் பானையை எங்கே அடுக்குவது என்று கணினி சொல்ல வேண்டுமா?

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. தனிநபரின் விடையைத் தொகைமதிப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்தையும் மதத்தையும் விசேட வகையில் சேர்த்தது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. சிறு பிரிவின் கூட்டு எண்ணிக்கை இரண்டு சட்டங்களுக்கும் இடையில் அநாதையாகக் கிடக்கிறது. பெயரைப் பார்த்தே இனத்தை ஊகிக்கக்கூடிய நாடு இது. கடைகளின் வாடிக்கையாளர் அட்டைப் பட்டியலை முகவரியோடு வரைபடத்தில் ஏற்றினால் திணைக்களம் மறைத்ததைத் தனியார் நிறுவனம் ஒன்று வரைந்துவிடும். பெயரிலிருந்து இனத்தை ஊகித்து வரைபடமாக்குவதைத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபை வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும்.

திணைக்களத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கொட்டாஞ்சேனை என்று தமிழில் தட்டினால் வரைபடம் அங்கே போய் நிற்க வேண்டும். மலிவான கைத்தொலைபேசியிலும் திறக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எந்த ஆண்டுக்குரியது, எண்ணப்பட்டதா மதிப்பிடப்பட்டதா என்று எழுதியிருக்க வேண்டும்.