மட்டத்துக்கு ஒரு டேபிள் எதற்கு?

“மேல்-கீழ் உறவு வந்தால் மட்டத்துக்கு ஒரு டேபிள் போடு, டேபிள் தன்னையே சுட்டினால் ஓ.ஆர்.எம். குழம்பிவிடும்.” மென்பொருள் அணிகளில் அடிக்கடி கேட்கிற அறிவுரை இது. அதற்குச் சொல்லும் காரணங்களை ஆரக்கிளின் பழைய ‘எம்ப்’ மாதிரி டேபிளை வைத்தே சோதிக்கலாம். அதில் 14 ஊழியர்கள். மேலாளர்களும் அதே டேபிளில்தான். ஸ்மித்துக்கு மேல் ஃபோர்டு, அவருக்கு மேல் ஜோன்ஸ், உச்சியில் கிங்.

“திசை தெரியாது.” இரு முனையும் ஒரே டேபிள் என்பதால் திசையை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எஸ்கியூஎல்ஆல்கெமி அதை ‘ஒன்றுக்குப் பல’ என்று எடுத்துக்கொள்ளும். மேலாளர், கீழுள்ளோர் என இரு பக்கத்தையும் அப்படியே எழுதி இணைத்தால், இரண்டும் ஒரே திசை என்று பிழை காட்டி, ‘ரிமோட் சைட்’ விடுபட்டதா என்றும் கேட்கும். மேலாளர் பக்கத்தில் பிரைமரி கீயை ‘ரிமோட் சைட்’ என்று குறித்தால் தீர்ந்தது. ஜாங்கோவில் ஃபாரின் கீக்கு ‘செல்ஃப்’ என்று கொடுத்தாலே போதும்.

“முதல் பதிவையே போட முடியாது.” கிங்கின் மேலாளர் எண் ‘நல்’. அந்தப் புலத்தில் ‘நல்’லை அனுமதித்தால் தடை ஏதுமில்லை. ரெயில்ஸ் 5 முதல் மேலாளர் கட்டாயம் என்பதே இயல்புநிலை. அங்கே ‘ஆப்ஷனல்’ என்று சேர்க்க வேண்டும்.

“மட்டத்துக்கு ஒரு குவெரி ஓடும்.” லேசி லோடிங்கை அப்படியே விட்டால் ஓடும், ஆளுக்கு ஒன்றாகக்கூட. ஆனால் ரிகர்சிவ் குவெரி எஸ்கியூஎல் 1999 தரத்திலேயே வந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ் 8.4-லும் மைஎஸ்கியூஎல் 8.0-லும் உண்டு. கிங் முதல் ஸ்மித் வரை ஒரே குவெரியில் வரும். தனி டேபிள்களிலோ மட்டத்துக்கு ஒரு ஜாயின்.

“சுழற்சி வரும்.” இது மட்டும் நியாயமான பயம். கிங்கின் மேலாளராக ஸ்மித்தைப் போட்டாலும் ஃபாரின் கீ தடுக்காது. சேமிக்கும் முன் மேலே ஏறிப் பார்க்கும் சோதனையை நாமே எழுத வேண்டும். தனி டேபிள்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்மித்துக்குப் பதவி உயர்வு வந்தால் அவர் பதிவை வேறு டேபிளுக்கு மாற்றி, அதைச் சுட்டும் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஒரே டேபிளில் அது ஓர் எண்ணை மாற்றும் வேலை.

மாநிலம், மாவட்டம் போல மட்டங்கள் வெவ்வேறு வகைப் பொருள்களாகி, புலங்களும் வேறுபட்டால் தனி டேபிளே சரி. எல்லா மட்டத்திலும் ஊழியர்தான் என்றால் ஒரு டேபிள் போதும்.