மூணு போதும்!

ஒரு பிளேட் பிரியாணிக்காக இரண்டு கிட்னியையும் பந்தயம் வைத்த ஒரே அக்கவுன்டன்ட் நானாகத்தான் இருப்பேன்!

ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டி கம்பெனி. அங்கே சாயங்காலம் வரை நாற்காலி. இதுதான் நம் தேகப்பயிற்சி. போன மே மாதம் லஞ்ச் நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரன், "300 தோப்புக்கரணம் போட முடியுமாடா உன்னால?" என்று சீண்டினான். தகரக் கொட்டகை வெயிலில் போட்டே விட்டேன். பிரியாணி கிடைத்தது.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. தைலம் தடவினேன். மூன்றாம் நாள் சிறுநீர் கோலா கலரில் போனது. "சூடுங்க, இளநீ குடிங்க" என்றாள் மனைவி. அப்பாதான், "கிளம்புடா" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

ரத்தத்தில் சி.பி.கே. சுமார் 200 இருக்கலாமாம். எனக்கு 40,000!

"தொடைச் சதை உடைஞ்சிருக்கு. ராப்டோமயோலிசிஸ். நல்லவேளை, இளநீர் குடிக்கலை. உடைஞ்ச சதையிலேர்ந்தே பொட்டாசியம் கொட்டுது, இளநீர்லயும் அதுதான். ஏறினா இதயம் நின்னுடும்" என்றார் டாக்டர்.

சதைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்து வைப்பது மயோகுளோபின். சதை உடைந்தால் அது ரத்தத்தில் கலந்து கிட்னிக்கு வருகிறது. ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் எங்கள் ஊர் ஜீரோ பாயின்ட் வழியாகத்தான் பூண்டி ஏரிக்குப் போகிறது. கால்வாயில் சேறு அடைத்தால் என்ன ஆகும்? கிட்னிக் குழாய்களிலும் அதே கதைதான். போதாக்குறைக்கு மயோகுளோபினில் உள்ள இரும்பு குழாய்ச் சுவரையே அரிக்கிறது.

லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்டவர்கள் சில நாளில் கிட்னி பழுதாகி இறந்ததை, பைவாட்டர்ஸ், பீல் என்ற டாக்டர்கள் 1941-ல் எழுதினார்கள். இன்றைக்கும் முதல் வைத்தியம் சலைன்தான்: சீக்கிரமாக, நிறைய. கால்வாயை அலசி விடுகிற வேலை! கிட்னி கைவிட்டால் டயாலிசிஸ்.

2018-ல் ஜப்பானியர்கள் எலிகளில் இன்னொன்றைக் கண்டார்கள். சிதைந்த சதையின் ஹீம் பிளேட்லெட்டுகளை உசுப்ப, அவை மேக்ரோபேஜ் என்ற காவல் அணுக்களை உசுப்ப, காவலர்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசி கிட்னியைக் கெடுக்கிறார்கள். பாலில் உள்ள லாக்டோஃபெரின் அந்த வலையைத் தடுத்தது. எலிக்குப் பலித்தது சரி, மனிதனுக்கு இந்த நோயில் அது இன்னும் நிரூபணமான வைத்தியமாகவில்லை.

எனக்கு ஆறு நாள் ட்ரிப்ஸோடு போயிற்று. ஜிம்மில் புதுசாகச் சேரும் தம்பிகளே, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கோலா கலரைப் பார்த்தால் தைலத்தைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள்.

ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பிள்ளையார் கோயிலில் ஆட்டோவை நிறுத்தினார். நான் காதைப் பிடித்ததும் பதறிப்போய்ச் சொன்னார்:

"மூணு போதும்டா!"