உபரி வாக்கும் உங்கள் வாக்குதான்

2021 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக–பாஜக அணிக்கே போயின. ஓராண்டு முடிவதற்குள், 2022 பிப்ரவரியில், கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96-ஐ திமுக அணி அள்ளியது. அதிமுகவுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. மாவட்ட எல்லை வேறு, மாநகராட்சி எல்லை வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அதற்குள் ஊரே கட்சி மாறிவிட்டது என்று யாரும் நம்பமாட்டார்கள். முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற தேர்தல் முறையின் விளைவு இது. இம்முறையில் தோற்றவருக்கு விழுந்த வாக்கு வீண் என்பது எல்லோருக்கும் தெரியும். வென்றவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்கும் வீண்தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

இதற்கான மருந்து நம் சட்டத்திலேயே இருக்கிறது. மாநிலங்களவையின் ஆறு இடங்களுக்கு 234 எம்எல்ஏக்களும் விருப்ப வரிசை குறித்து வாக்களித்தால், ஒவ்வொரு வாக்குச்சீட்டுக்கும் மதிப்பு 100. மொத்தம் 23,400-ஐ ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 3,343; வெற்றிக்கு அவ்வளவு போதும். 36 பேரின் முதல் விருப்பத்தைப் பெற்றவரிடம் 3,600 இருக்கும், உபரி 257. அந்த 36 சீட்டுகளிலும் அடுத்த விருப்பம் குறிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொன்றும் 7 மதிப்போடு அந்த வேட்பாளருக்குப் போய்ச்சேரும். பெரும்பாலும் போட்டியின்றியே தேர்வு முடிந்துவிடுவதால் இந்தக் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை.

மாநகராட்சிக்கும் இதையே கொண்டுவரலாம். 100 வார்டுகளை ஐந்தைந்தாகச் சேர்த்து 20 பெருவார்டுகளாக்கினால், ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான வாக்கு பெறுபவர் கவுன்சிலராவார். ஆனால் உபரியை எப்படி மாற்றுவது என்பதில் கவனம் வேண்டும். அயர்லாந்தின் கீழவைத் தேர்தலில் உபரி அளவுக்கு மட்டும் சீட்டுகளை உருவி மாற்றுகிறார்கள். விகிதம் பார்த்தே எடுத்தாலும், கட்டில் எந்தச் சீட்டு மேலே இருந்தது என்பது பின்வரும் சுற்றுகளைப் பாதிக்கக்கூடும். நம் மாநிலங்களவை விதியில் அந்தக் குறை இல்லை. ஆனால் மாற்றி வந்த வாக்குகளால் உபரி உண்டானால், கடைசியாக வந்த கட்டை மட்டுமே பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்து உள்ளாட்சிகளில் 2007 முதல் வென்றவரிடமுள்ள எல்லாச் சீட்டுகளும், அவற்றின் மதிப்புக்கேற்பக் குறைக்கப்பட்டு மாறுகின்றன. யாருடைய சீட்டும் ஒதுக்கப்படாத இந்த முறையே நியாயமானது.

சாதாரண வாக்காளருக்கு இது புரியுமா என்பார்கள். அவர் 1, 2, 3 என்று எண் போட்டால் போதும். கணக்கு அதிகாரிகளின் வேலை. மின்னணு இயந்திரத்தில் இது முடியாது என்பது சரியான ஆட்சேபம்தான். அதனால் வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கும். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கொங்கு கிராமங்கள் ஒரே நேரத்தில் நான்கு வாக்குச்சீட்டுகளைச் சமாளித்தனவே! வார்டு பெரிதானால் கவுன்சிலரைப் பிடிக்க முடியாது என்ற கவலைக்கும் பதில் உண்டு: ஒருவர் கதவைத் திறக்காவிட்டால் தட்டுவதற்கு இன்னும் நான்கு கதவுகள் இருக்கும். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் மேயர் தேர்வில் பேரம் நடக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெள்ளலூர் குப்பைக் கிடங்கைப் பற்றிக் கேள்வி கேட்க எதிர்வரிசையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் இருக்கும் மாமன்றம் அதைவிடப் பெரிய ஆபத்து. எம்எல்ஏவின் உபரி வாக்குக்கு நூறில் ஏழு பங்கு வரை கணக்குப் பார்க்கும் சட்டம், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்குக்கும் அதே மரியாதையைத் தரட்டும்.