எண்ணெய்க் கையும் குறைமாதப் பிள்ளையும்

வளைகாப்பு முடித்து மருமகளைத் திண்டுக்கல்லுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் 31ஆவது வாரத்திலேயே பேரன் இங்கே மைசூரில் பிறந்துவிட்டான். ஓடி வந்த சம்பந்தியம்மாள், "வீட்டுக்கு வரட்டும், எண்ணெய் தேய்த்துக் கை காலை உருவிவிட்டால் தேறிவிடுவான்" என்றார். நானும் தலையாட்டினேன். நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தானே வளர்ந்தன!

குறைமாதப் பிள்ளையின் கதை வேறு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்திலும் பாஸ்பரசிலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து சேர்கிறது. கருப்பைச் சுவரை உதைத்து உதைத்தும் எலும்பு உரமேறுகிறது. முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு இரண்டும் குறைவு. முரட்டுத்தனமாக உருவினால் எலும்பு முறியவும் கூடும்.

அதற்காகக் கையே வைக்கக் கூடாது என்பதில்லை. மருத்துவர் அனுமதித்த பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் 26 குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்து 1995இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற குழந்தைகளுக்கு எடையும் எலும்பின் தாதுச் சத்தும் கூடுதலாக ஏறியிருந்தன. ஆனால் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீடு, சிறிது காலப் பலன் தெரிந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகச் செய்யச் சான்று போதாது என்றது. ஆகவே இது தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் தரும் சொட்டு மருந்துக்கோ, நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறைக்கோ மாற்று அல்ல. கங்காரு முறையைப் பிறந்தவுடனே தொடங்கி நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். நர்ஸ் அம்மா பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார், கன்னடத்தில். "ஒத்தபேடி" என்றார். அழுத்தாதீர்கள் என்று பொருள். கன்னடம் அறியாத மருமகள் காதில் விழுந்தது 'ஒத்த' மட்டுமே. ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள்! நான் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். இல்லாதிருந்தால்?

ஆண்டுதோறும் எத்தனையோ இளம் மருமகள்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வருகிறார்கள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நமக்கு வேண்டியவைதான். அவற்றோடு, இரு மொழியும் அறிந்த சங்கத்துப் பெண்கள் நாலு பேர் முறை வைத்துக்கொண்டு, அழைத்த வீட்டாரோடு பிரசவ வார்டுக்குத் துணை போனால் என்ன? மருத்துவம் நாம் சொல்ல வேண்டாம். மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் போதும்.

பாட்டிமாரே, எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டாம். கொஞ்ச நாள் பரணில் இருக்கட்டும். மருத்துவர் சரி என்றதும் இறக்கிக்கொள்ளலாம்.