மறுமொழி கூறும் வடம்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையூர்களில் வானிலை எச்சரிக்கை வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. வள்ளத்தைக் கடலில் இறக்குவதா, கரையிலே நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் செய்தி அது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய பின், வானொலிக்குத் துணையாகத் தொலைக்காட்சியும் அச்செய்தியைக் கொணர்கின்றது.

அத்தகைய ஊரொன்றின் பொதுமண்டபத்தில் உயரே மாட்டிய பெட்டியை, அடுத்த அறையிலுள்ள கணினி குறித்த நேரத்தில் இயக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். றிமோட் கருவி கண்ணுக்குத் தெரியாத கதிரால் கட்டளையை வீசும்; அது போய்ச் சேர்ந்ததா என்பதை அறியாது. குறுக்கே ஒருவர் நின்றாலும் கட்டளை வீணாகும்.

1950ஆம் ஆண்டில் அமெரிக்க செனித் நிறுவனம் வெளியிட்ட கருவி வடத்தினாலேயே பெட்டியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. வடம் காலை இடறியது. ஆதலின் 1955இல் ஒளியும், 1956இல் செவிக்கெட்டாத ஒலியும், பின்னர் அகச்சிவப்புக் கதிரும் வந்தன. வீட்டுக்கு அவை போதும். பொது இடத்துக்கோ வடமே நம்பகமானது.

1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ் 232 என்னும் தொடர்முறை இணைப்பு இதற்கு உதவுகின்றது. அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுத் தரைக்கம்பி ஒன்று. ஆக மூன்றே போதும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 9600 துடிப்புகள் என்னும் வேகத்தில் செல்லுதல் வழக்கம். இரு முனைகளிலும் வேகம் ஒன்றாயிருத்தல் வேண்டும். இவ்விணைப்புள்ள எல்ஜி பெட்டிகளில் மின்னியக்கத்துக்குரிய கட்டளை ‘கேஏ’ என்னும் ஈரெழுத்தில் தொடங்கும். ஏற்றுக்கொண்டால் பெட்டி ‘ஓகே’ என்றும், இயலாவிடில் ‘என்ஜி’ என்றும் விடையனுப்பும். விடை வராவிட்டால் கணினி மீண்டும் கேட்கலாம். அல்லது பொறுப்பாளரை எழுப்பலாம். இதுவே வடத்தின் பெருஞ்சிறப்பு.

மாணவர்கள் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்க. இவ்வடம் ஏறத்தாழ 15 மீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று. நெடுந்தூரத்துக்கு ஆர்எஸ் 485 உண்டு. அன்றியும், உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். அவற்றை மூடிவைத்து, இடையிடையே சோதித்தல் கடன்.

எச்சரிக்கை அனுப்பியதோடு பணி முடிவதில்லை. அது சேர்ந்ததென்ற விடை வந்த பின்னரே முடிகின்றது. கடலை நம்பி வாழும் ஊருக்கு இவ்வேற்பாடு ஆடம்பரமன்று, காவலாகும்.